‘வீட்டுக்குச் சொல்லிடாதீங்க!’

பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வரிசையாக நிற்கும் தோல் தொழில் ஊர்களிலும், கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் பேரணாம்பட்டிலும், வெளிநாட்டில் பிள்ளை இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். துபாயில் கடை வேலை, ரியாத்தில் டிரைவர், சிங்கப்பூரில் ஐ.டி., எத்தியோப்பியாவில் டேனரி டெக்னீஷியன். இவர்களில் ஒருவர் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், வேலையிடத்தில் மயங்கி விழுந்துவிட்டால், கண் விழித்ததும் ரூமில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது பெரும்பாலும் ஒன்றைத்தான். “வீட்டுக்குச் சொல்லிடாதீங்க.”

சொல்லாவிட்டாலும் செய்தி வந்துவிடும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வரும் வீடியோ கால் வராது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்கு நீல டிக் விழாது. அதற்குள், அதே ரூமில் தங்கியிருக்கும் இன்னொரு பையன் தன் மனைவியிடம் சொல்லியிருப்பான். அவள் கடைத்தெருவில் இந்தம்மாவைப் பார்த்ததும் நல்ல மனதோடு கேட்டுவைப்பாள். “தம்பிக்கு இப்ப பரவாயில்லையாம்மா?”

அந்த ‘இப்ப’வில்தான் பெற்றவளுக்குத் தூக்கிவாரிப் போடும். என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று, எந்த ஆஸ்பத்திரி, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எதுவும் தெரியாமல், ஏதோ ஆகியிருக்கிறது என்பது மட்டும் தெரியும் நிலை. கெட்ட செய்தியைக்கூடத் தாங்கிக்கொள்ளும் குடும்பங்கள் இந்த அரைச் செய்தியில்தான் உடைந்துபோகின்றன.

பெரியவர்களாகிவிட்ட பிள்ளைகளுக்குத் தூர தேசத்தில் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போகும்போது பெற்றோர் என்ன செய்ய முடியும்? கேள்வி உலகம் முழுவதற்கும் பொது. ஆனால், இதன் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் பார்க்கும் ஊர்கள் குறைவு. வேலூர் வட்டாரம் அப்படிப்பட்டது.

இங்கிருந்து போகும் போன்கள்

வேலூர் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்தால் தமிழுக்குச் சமமாக வங்காள எழுத்துப் பலகைகள் கண்ணில் படும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று பல இடங்களிலிருந்து வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அடுப்பும் பாத்திரமும் வாங்கி, அறையிலேயே சோறும் மீன் குழம்பும் சமைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். ஸ்கேன் ஃபிலிம்கள் துருத்திக்கொண்டிருக்கும் பெரிய பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையில் போனுடன் வாசல்படியில் உட்கார்ந்திருப்பவர்களை அங்கே எந்நேரமும் பார்க்கலாம். மறுமுனையில் மால்டாவிலோ தன்பாத்திலோ ஓர் அம்மா, “டாக்டர் என்ன சொன்னார்?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நோயாளிகள் மட்டும் வருவதில்லை. 1984-ல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி.க்கு இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். தோல் ஷாப்புகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் பீகார், ஒடிசா, வங்க இளைஞர்கள் வேலைக்கு வருகிறார்கள். ஆம்பூர் அம்மாவுக்கு துபாய் எப்படியோ, பீகார் அம்மாவுக்கு ஆம்பூர் அப்படி.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ‘உடம்புக்கு எப்படி இருக்கிறது’ என்று கேட்கக்கூட அந்த வீடுகளுக்கு நேரம் கிடைக்கவில்லை. கழிவுத் தொட்டிகளில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் இந்த வட்டாரத்தில் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் இந்த வாயு, அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி உள்ளே இறங்குபவர் நொடிகளில் சாய்வார். காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் சாய்வார்.

தந்தி வந்த காலம்

ஒரு தலைமுறைக்கு முன்னால் வரை இப்படிப்பட்ட கெட்ட செய்தியைச் சுமந்து வந்தது தந்தி. தபால்காரர் தந்தி கொண்டுவந்தாலே, பிரித்துப் படிக்குமுன் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அந்தப் பயம் மட்டும் இடம் மாறி, நள்ளிரவில் அடிக்கும் போனில் வந்து உட்கார்ந்துகொண்டது.

தந்திக் காலத்தில் வேலூரில் நடந்த ஒரு விபத்தை மருத்துவ உலகம் இன்றும் பேசுகிறது. கொச்சிப் பகுதியைச் சேர்ந்த மேரி வர்கீஸ் சி.எம்.சி.யில் படித்து டாக்டரானவர். 1954 ஜனவரியில் சக டாக்டர்களுடன் உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. 28 வயது. முகத்தில் ஆழமான காயம். முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வீடு இருந்தது மேற்குக் கடற்கரையில், மகள் கிடந்தது வேலூரில். அன்றைய ரயிலில் அது சாதாரணத் தூரமல்ல.

அவருக்கு வாய்த்தது வேறொன்று: கட்டிலைச் சுற்றிலும் அவரை நன்றாகத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை நிபுணர் ஜேக்கப் சாண்டி அங்கேதான் இருந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவையில் பெயர்பெற்ற பால் பிராண்டும் அங்கேதான் இருந்தார். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை அது என்று பிராண்ட் ஊக்கப்படுத்த, மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை செய்யத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும், பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்திலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். வேலூர் பாகாயத்தில் 1966-ல் உருவான மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பில் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. மரத்திலிருந்து விழுந்தும் சாலையில் அடிபட்டும் முதுகு ஒடிந்து வரும் இளைஞர்கள் அங்கே மறுபடி வாழக் கற்றுக்கொள்கிறார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் இப்படித் தெரிந்தவர்கள் நடுவே விழுவதில்லை. ஆனாலும் ஒன்று தெளிவு. தூரத்திலிருந்து பெற்றோர் முதலில் தேட வேண்டியது விமான டிக்கெட்டை அல்ல, கட்டில் பக்கத்தில் நிற்க ஓர் ஆளை.

ஒரே ஆள், ஒரே வாய்

பதற்றத்தில் ஒரு வீடு செய்வது என்ன? அம்மா ரூம்மேட்டுக்கு அடிப்பார். அத்தா கம்பெனி சூப்பர்வைசருக்கு. மாமா ஏஜென்டுக்கு. தங்கை, அண்ணன் நண்பர்கள் எல்லோருக்கும். ஒருவர் ‘வாயுத் தொல்லைதான்’ என்பார், இன்னொருவர் ‘அட்டாக்’ என்பார், மூன்றாமவர் ‘ஐ.சி.யூ.’ என்ற ஒரு சொல்லோடு போனை வைத்துவிடுவார். இரவுக்குள் அந்த வீட்டில் நான்கு நோய்கள் உலவும்.

அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று ஆளைக் குறித்துக்கொள்வது முதல் வேலை. அங்கே கட்டில் பக்கத்தில் இருப்பவர் ஒருவரிடம்தான் பேச வேண்டும், இங்கே ஒருவர்தான் பேச வேண்டும், மற்றவர்களுக்கு அவர் சொல்லட்டும். கேட்க வேண்டியவையும் கொஞ்சம்தான்: எந்த மருத்துவமனை, எந்த வார்டு? நினைவோடு இருக்கிறானா, பேசுகிறானா? டாக்டர் சொன்ன நோயின் பெயர் என்ன? அடுத்து என்ன செய்யப்போகிறார்கள், எப்போது? அடுத்த போன் எத்தனை மணிக்கு? இந்தக் கடைசிக் கேள்வி சின்னதுதான். ஆனால், ‘இந்திய நேரம் ஒன்பதரைக்குக் கூப்பிடுகிறேன்’ என்று சொன்னால் அதுவரை போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அமீரகம் நம்மைவிட ஒன்றரை மணி நேரமும் சவுதி இரண்டரை மணி நேரமும் பின்னால் இருக்கின்றன என்பதையும் சொல்லி வைத்துக்கொள்வது நல்லது. ‘எட்டு மணி’ யாருடைய எட்டு என்பதில்கூட ஓர் இரவு கெடும்.

டாக்டர் எழுதித் தந்த தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். நோயின் பெயரைக் காதால் கேட்டு இன்னொரு வாய்க்கு மாற்றும்போது அது உருமாறிவிடும். தாளில் இருப்பதை ஊரிலுள்ள குடும்ப டாக்டர் ஒருமுறை பார்த்துத் தமிழில் விளக்கினால் பாதிப் பயம் தெளியும்.

இன்னும் முக்கியமானது, பிள்ளை இன்னும் ரூமிலேயே படுத்திருந்தால் என்ன செய்வது என்பது. ‘சோடா குடிச்சுட்டுத் தூங்கு’ என்று சொல்லிவிடக் கூடாத அறிகுறிகள் சில உண்டு: நெஞ்சில் அழுத்தம், வியர்த்துக் கொட்டுதல், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, முகம் ஒருபக்கம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறல். அங்குள்ள ஆம்புலன்ஸ் எண் பல பிள்ளைகளுக்கே தெரிந்திருப்பதில்லை. அமீரகத்தில் 998, சவுதியில் 997, கத்தாரில் 999, குவைத்தில் 112, சிங்கப்பூரில் 995. ஆம்பூரில் உட்கார்ந்திருக்கும் அப்பா அந்த எண்ணைச் சொல்லி, “இப்பவே கூப்பிடு” என்று அதட்டுவது, இங்கிருந்து செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால், அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு தொடங்குவது ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்திலிருந்து அல்ல, நோயாளி கடைசியாக நல்லபடியாக இருந்த நேரத்திலிருந்து. “ராத்திரி பத்து மணிக்கு என்கிட்ட நல்லாத்தான் பேசினான்” என்று ஒரு தாய் சொல்வது டாக்டருக்குக் கிடைக்கும் முதல் தரமான தகவலாக இருக்கலாம்.

அம்மாவுக்கு மட்டும் தெரிந்தவை

தாங்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். மருத்துவர்கள் பார்வையில் அப்படியில்லை. அங்கே ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. அந்த உடம்பின் கதை இங்கேதான் இருக்கிறது.

மூன்று வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது, பெனிசிலின் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்தது, பள்ளிக்கூட நாளில் மஞ்சள் காமாலை, அப்பா வழியில் எல்லோருக்கும் சர்க்கரை, பெரியப்பா 45 வயதில் மாரடைப்பில் போனது. 30 வயதுப் பையனுக்கு இதில் பாதி தெரியாது. தெரிந்தாலும் அரை மயக்கத்தில் சொல்ல வராது.

மாரடைப்பு விஷயத்தில் இந்தக் குடும்பக் கதைக்குத் தனி எடை உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருவதும், மற்ற நாட்டவருக்கு அது 59-ஐ ஒட்டி வருவதும் தெரியவந்தது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65-க்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால் அதை ஒரு தனி ஆபத்துக் காரணியாகவே டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சிகரெட்டும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். நெஞ்சு வலியோடு வரும் 32 வயதுக்காரரை அல்சர் என்று நினைத்து அனுப்பப் பார்க்கும் டியூட்டி டாக்டருக்கு, ‘இவருடைய அப்பாவுக்கு 48 வயதில் பைபாஸ்’ என்ற ஒரு வரி போதும். இன்னொரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுவார்.

வளைகுடாவில் வேலை செய்கிறவர்களுக்குக் கோடையில் வரும் சிறுநீரகக் கல் வலியும் நீர் வற்றி மயங்குவதும் வாடிக்கை. வெயிலில் நின்று செய்யும் வேலையை ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் நேரத்தில் அமீரகமும் சவுதியும் தடைசெய்திருப்பது இதனால்தான். கல் வலி உயிரைக் குடிப்பது அரிது என்றாலும், அந்த வலியில் பிள்ளை கத்துவதை வாய்ஸ் மெசேஜில் கேட்கும் வீட்டுக்கு அது தெரியாது. முன்பே கல் வந்திருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்கு வந்திருக்கிறது என்பதையும் அம்மாதான் சொல்ல முடியும்.

‘அவர் மேஜர், அவரிடமே கேளுங்கள்’

ஆஸ்பத்திரிக்கே நேராகப் போன் போட்டுப் பார்க்கும் பெற்றோருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. வெளிநாட்டு மருத்துவமனைகள் பலவற்றில், போனில் கூப்பிடும் அம்மா அப்பாவுக்கு எதையும் சொல்ல மாட்டார்கள். நோயாளி 18 வயது கடந்தவர், அவருடைய மருத்துவத் தகவல் அவருடையது. அமெரிக்காவில் இதற்கு 1996-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. மயக்க மருந்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்கு அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை அகற்றிய வழக்கில், 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், மயக்கம் தெளிந்ததும் தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காகத் தாய் தரும் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பெற்று வளர்த்தவர்களுக்கு இது கசக்கும். நடைமுறையில் இதற்கு வழி சுலபம். பிள்ளை நினைவோடு இருக்கும்போதே, ‘என் தகவலை இன்னாரிடம் சொல்லலாம்’ என்று மருத்துவமனைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் முடிந்தது.  

பணம் எங்கிருந்து?

நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுமுன் பார்க்க வேண்டியவை உண்டு.

துபாயில் ஊழியருக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற சட்டம் 2013-ல் வந்தது. 2025 ஜனவரி 1 முதல் அமீரகம் முழுவதற்கும் அது கட்டாயம். சவுதியிலும் தனியார் நிறுவன ஊழியர்களுக்கு முதலாளிதான் காப்பீடு எடுக்க வேண்டும். எனவே முதல் கேள்வி, “இன்சூரன்ஸ் கார்டு எங்கே?” விசிட் விசாவில் போய் வேலை பார்ப்பவர்தான் இங்கே மாட்டிக்கொள்வார். அவருக்கு முதலாளியும் கிடையாது, கார்டும் கிடையாது.

பத்தாம் வகுப்புத் தேறாமல் ஈ.சி.ஆர். (குடியேற்றச் சோதனை தேவை) பாஸ்போர்ட்டில் வளைகுடா போகிறவர்களுக்கு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு கட்டாயம். ஜி.எஸ்.டி. தவிர்த்து இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய். மருத்துவச் செலவுக்கும் ஒரு தொகை உண்டு. ஏஜென்ட் எடுத்துக் கொடுத்த தாளோடு அது எங்கோ கிடக்கும். நிறைய வீடுகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கையில் எதுவும் இல்லாத நிலைக்காக இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. அவசர சிகிச்சைக்கும் ஊருக்கு அனுப்பிவைப்பதற்கும் அதிலிருந்து உதவலாம். தூதரகத்தில் புகார் பதிய 2015-ல் வந்த ‘மதத்’ இணையதளத்தை ஆம்பூரிலிருந்தே பயன்படுத்தலாம், துபாய் போக வேண்டியதில்லை. துபாயில் இந்தியர்களுக்கு உதவும் மையத்தின் இலவச எண் 800 46342. தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் மனு கொடுக்கலாம்.

திருப்பிப் பார்த்தால், இங்கே விழும் வெளிமாநிலத்துப் பிள்ளைக்கும் வழிகள் இருக்கின்றன. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது. ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. போலீஸ் வரட்டும் என்று அவசரச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஷூ கம்பெனியில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் பீகார் பையனுக்கு இ.எஸ்.ஐ. எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை அவன் ஊரிலிருக்கும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்தால், மேஸ்திரியின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

போவதா, வரவழைப்பதா?

“நான் போய்ப் பார்த்துட்டு வந்தாத்தான் மனசு ஆறும்.” எல்லா அம்மாக்களும் சொல்வது. பாதிப் பேரிடம் பாஸ்போர்ட்டே இருக்காது. இருந்தாலும் விசாவுக்குச் சில நாள். ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்கு விதிப்படியே 15 நாள் வரை ஆகலாம். அப்பெண்டிக்ஸ் அறுவை என்றால் அதற்குள் பிள்ளை டிஸ்சார்ஜ் ஆகி ரூமுக்கே வந்திருப்பான்.

யாருமே யாரிடமும் போக முடியாத நாட்களையும் இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது சிகிச்சைக்கு வந்திருந்த வங்காளிகளும் ஜார்க்கண்ட்காரர்களும் ஆயிரக்கணக்கில் வேலூர் லாட்ஜுகளில் சிக்கிக்கொண்டார்கள். மே முதல் வாரத்தில் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் கிளம்பியது. அதே வாரம் மே 7-ம் தேதி வளைகுடாவிலிருந்து இந்தியர்களை ஏற்றிவரும் ‘வந்தே பாரத்’ விமானங்கள் பறக்கத் தொடங்கின. உடல்நலம் குன்றியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் முன்னுரிமை தரப்பட்டது.

சரி, ஊருக்கே கூட்டிவந்துவிடலாமா? ‘சி.எம்.சி. பக்கத்துலேயே இருக்கு, இங்க கொண்டுவந்துடு’ என்பது இந்த வட்டாரத்து வீடுகளில் வரும் முதல் யோசனை. அது நியாயமும்கூட. இந்தியாவில் முதல் சிறுநீரக மாற்று அறுவை 1971-ல் வெற்றிகரமாக நடந்த மருத்துவமனை வாசலிலேயே இருக்கும்போது, முகம் தெரியாத டாக்டரை யார் நம்புவார்கள்? ராணிப்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே 2022-ல் சி.எம்.சி.யின் புதிய வளாகமும் வந்துவிட்டது. ஆனால் விமானக் கேபினில் காற்றழுத்தமும் ஆக்சிஜனும் தரையில் இருப்பதைவிடக் குறைவு. புதிதாக மாரடைப்பு வந்தவரும் வயிற்றிலோ தலையிலோ அறுவை முடிந்தவரும் டாக்டர் அனுமதி இல்லாமல் ஏறினால் வழியிலேயே நிலைமை மோசமாகலாம். அதற்கென்றே டாக்டர் நிரப்பிக் கொடுக்க வேண்டிய மெடிஃப் என்ற படிவத்தை விமான நிறுவனங்கள் கேட்கின்றன. படுத்தபடி வர வேண்டுமென்றால் பல இருக்கைகளை மடக்கி ஸ்ட்ரெச்சர் பொருத்த வேண்டும். அத்தனை இருக்கைக்கும் பணம், கூடவே ஒரு துணை ஆள். நோயாளி நிலைபெறும் வரை அங்கேயே வைத்திருப்பதுதான் பல நேரங்களில் பத்திரமான வழி.

இதற்கிடையில் இங்கே இருப்பவர்களின் உடம்பையும் யாராவது பார்க்க வேண்டும். மகனுக்கு நெஞ்சு வலி என்று கேட்ட நாளிலிருந்து அம்மா சர்க்கரை மாத்திரையை மறந்திருப்பார், அத்தா பிரஷர் மாத்திரையை விட்டிருப்பார், இரண்டு பேரும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். பெரும் அதிர்ச்சியில் இதயத்தின் ஒரு பகுதி தற்காலிகமாகச் செயலிழந்து, மாரடைப்பைப் போலவே வலிக்கும் நிலையொன்றை 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். ‘டகோட்சுபோ’ என்று பெயர். மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ‘பெத்த மனம் பித்து’ என்று ஊர் சொல்வதற்கு ஈ.சி.ஜி.யில் தடயம் இருக்கிறது.

குணமான பிறகு ஒரு சண்டை

ஆபத்து தாண்டியதும் அடுத்த அத்தியாயம் தொடங்கும். “போதும்டா சம்பாதிச்சது, வந்துடு. இங்கயே கம்பெனியில வேலை பாரு” என்பார் அம்மா. தங்கை கல்யாணக் கடன் முடியவில்லை, விசா போய்விடும், ஷூ கம்பெனிச் சம்பளத்தில் எதுவும் நடக்காது என்பான் மகன். முதல் நாளே ஏன் மறைத்தாய் என்ற கேள்வியும் அப்போதுதான் வெடிக்கும். “நீங்க அழுவீங்கன்னுதான் சொல்லல” என்பான். “சொல்லாம விட்டதுக்குத்தான் இவ்வளவு அழுதேன்” என்பார் அம்மா.

இந்தச் சண்டையின் சூட்டில் பலர் ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். சட்டப்படி இருக்கும் விடுப்பைக் கேட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அமீரகத்தில் தகுதிகாண் காலம் முடிந்த ஊழியருக்கு ஆண்டுக்கு 90 நாள் வரை நோய் விடுப்பு உண்டு: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதிச் சம்பளம், மீதி சம்பளமில்லாமல். சவுதியில் முதல் 30 நாள் முழுச் சம்பளம், அடுத்த 60 நாள் முக்கால் சம்பளம், அதற்கும் மேல் 30 நாள் சம்பளமின்றி. டாக்டர் சான்றிதழோடு இந்த விடுப்பைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் சி.டி.யையும் பையில் போட்டுக்கொண்டு பிள்ளை ஊருக்கு வரலாம். அம்மா கையால் சாப்பிட்டு, சி.எம்.சி.யில் ஒருமுறை காட்டி, திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை வேலை கையில் இருக்கும்போதே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.